3.5 சி.சி. நைட்ரோ பந்தயப் படகு: வடகடலில் ஓட்ட எவ்வளவு எடை குறைக்கலாம்?

பனைக்குளத்துக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். கப்பலில் பணிபுரியும் என் மாமா, ரேடியோவால் இயக்கும் மாடல் படகுக்கான, தண்ணீரால் குளிரும் 3.5 சி.சி. மரைன் நைட்ரோ எஞ்சின் (மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடுவது) ஒன்றை விடுமுறையில் வந்தபோது கொடுத்துச் சென்றார். ஃப்ளைவீலையும் டியூன்டு பைப்பையும் (புகை வெளியேறும் குழாய்) சேர்த்துத் தராசில் வைத்தால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இதற்குரிய உடலை விலைக்கு வாங்காமல் நானே கட்ட விரும்புகிறேன். வெளிநாட்டார் பந்தயத்தில் ஓட்டும் அவுட்ரிக்கர் வகைப் படகுகள் எரிபொருள் இல்லாமல் இரண்டு கிலோவை ஒட்டியே நிற்பதாகத் தெரிகிறது. நானும் அந்த எடைக்கு வர முடியுமா? எங்கள் கரையில் ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறைகள் இருப்பதால் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (பிசின்) எளிதாகக் கிடைக்கும். அவற்றையே பயன்படுத்தலாமா, வேறு பொருள் தேட வேண்டுமா? ஓட்டப்போவது வடகடலில் (பாக் விரிகுடா)தான்.

கீழக்கரை மரைன்:

தம்பி, எடையைப் பற்றி யோசிக்கும் முன் எந்த உருவம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அவுட்ரிக்கர் என்பது நடுவில் ஒடுங்கிய தொட்டி போன்ற உடலும், அதன் முன்பக்கம் இருபுறமும் குழாய்களில் நீட்டிப் பொருத்திய மிதவைகளும் கொண்டது. வேகம் பிடித்ததும் அந்த இரண்டு மிதவைகளின் பின்விளிம்பும், பின்னால் பாதி முங்கிச் சுழலும் புரொப்பெல்லரும் மட்டுமே தண்ணீரைத் தொடும். தண்ணீரின் இழுவை அவ்வளவு குறைந்துவிடுவதால்தான் அது பறக்கிறது. ஆனால் அடியில் புகும் காற்று படகைத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இருக்கும் தூக்கு விசை, 80 கி.மீ. ஆகும்போது ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். அந்த நேரத்தில் ஒரு சிறு அலை முன் மிதவையைத் தட்டினாலும் படகு பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அவ்வகைப் படகுக்குக் கண்ணாடி போன்ற தண்ணீர் வேண்டும். திறந்த கடலில் அது அரிதாகவே கிடைக்கும்.

ஆகவே, ‘வி’ வடிவ அடிப்பாகமும் ஒரே உடலும் கொண்ட மோனோ வகையைக் கட்டுங்கள் என்பதே என் கருத்து. நீளம் 85 செ.மீ. அளவிலும், அடியின் சரிவு 18 முதல் 20 பாகைக்குள்ளும் இருந்தால் சிற்றலையை வெட்டிக்கொண்டு போகும். எடைமையம் பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30 விழுக்காட்டுத் தொலைவில் அமைய வேண்டும்.

இந்த உருவத்துக்கு எரிபொருள் நீங்கலாக இரண்டரை கிலோ நல்ல எடை. அதற்குக் கீழே போக முயன்று உடலைப் பலவீனப்படுத்த வேண்டாம். எவ்வளவு குறைத்தோம் என்பதைவிட எங்கே குறைத்தோம் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். எஞ்சின் அமரும் இடமும் பின்பலகையும் கனமாகவே இருக்கட்டும், ஏனென்றால் அதிர்வும் உந்துவிசையும் அங்கேதான் விழுகின்றன. அணியத்திலும் (முன்முனை) மேல்தளத்திலும் ஒவ்வொரு கிராமையும் எடுத்துவிடுங்கள். முனைகளில் எடை கூடினால் அலைக்கு அலை படகு தலையாட்டும். மையத்தில் இருக்கும் எடை அவ்வளவு தொல்லை தருவதில்லை. எரிபொருள் டாங்க்கையும் இதே காரணத்துக்காக எடைமையத்தின் மேலேயே வையுங்கள். 200 மி.லி. எரிபொருள் ஓட்டத்தின்போது தீர்ந்துகொண்டே வருவதால், டாங்க் முன்னாலோ பின்னாலோ இருந்தால் தொடக்கத்தில் ஒழுங்காக ஓடிய படகு முடிவில் வேறு குணம் காட்டும்.

தொண்டிப் பட்டறை:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன உருவத்தை ஏற்றுக்கொள்கிறேன். பொருளைப் பற்றி எனக்கும் சொல்வதற்கு உண்டு. நான் ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். நாங்கள் புழங்குவது சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும். இரண்டும் விலை குறைவு; கடல் அடியைத் தாங்கும் என்பதற்கு இந்தக் கரை முழுவதும் நிற்கிற வள்ளங்களே சாட்சி. ஒரே ஒரு மேட் போட்டு மேலே ஜெல்கோட் (வெளிப்புற ரெசின் பூச்சு) கொடுத்தால் மாடல் படகுக்குப் போதும். நெய்த கண்ணாடி இழைத் துணியை மட்டும் போட்டு மெல்லியதாக இழுத்தால், அடித்தட்டு அலையில் உள்வாங்கி வெளிவந்துகொண்டே இருந்து கடைசியில் வெடித்துவிடும்.

கீழக்கரை மரைன்:

தம்பி, வள்ளத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மாடலுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. மேட்டில் இழைகள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் அது ரெசினை நிறையக் குடிக்கும். கையால் பூசும்போது மொத்த எடையில் கண்ணாடி இழை 30 விழுக்காடு இருந்தாலே நல்ல வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவாக முடிகிறது. நெய்த துணியை எப்பாக்சி ரெசினில் பூசினால் துணியின் எடையும் ரெசினின் எடையும் சமமாக இருக்கும்படி வேலையை முடிக்கலாம். 160 கிராம் துணி இரண்டு அடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு 640 கிராம்தான். மேல்தளத்தையும் சேர்த்து இந்தப் படகின் பரப்பு சுமார் 0.55 சதுர மீட்டர் வரும். மேட் என்றால் 825 கிராம், துணி என்றால் 350 கிராம். ஜெல்கோட்டைக் கணக்கில் சேர்க்காமலே அரை கிலோ அளவுக்கு வேறுபாடு தெரிகிறது.

அடித்தட்டு வளையும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு மருந்து, எடையைக் கூட்டாமல் தடிமனைக் கூட்டுவது. ஒரு தட்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப உயரும்; தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. அடித்தட்டில் மட்டும் இரண்டு துணிகளுக்கு நடுவே 2 மி.மீ. பால்சா (மிக இலேசான மரம்) பலகையைக் கொடுத்தால் கூடுவது 65 கிராம் அளவுதான். உள்ளே எஞ்சினுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தை மெல்லிய ஏர்கிராஃப்ட் பிளைவுட்டில் வெட்டி, நடுவில் ஓட்டை எடுத்து ஒட்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 3 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவை நெருங்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

வடகடல்:

பால்சா நம் பக்கம் எளிதாகக் கிடைப்பதில்லை. தீக்குச்சிக்குப் போகிற பெருமரத்தை மெல்லிய பலகையாக இழைத்துப் போட்டால் ஆகாதா? அதுவும் இலேசான மரம்தானே?

கீழக்கரை மரைன்:

இலேசானதுதான், ஆனாலும் பால்சாவைப் போல இரண்டரை, மூன்று மடங்கு கனம் இருக்கும். குறுக்குச் சட்டத்துக்கும் எஞ்சின் தாங்கும் கட்டைக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தட்டுகளுக்கு நடுவே கொடுப்பதற்குப் பால்சாவைத் தபாலில் வரவழைப்பதே சரி.

தொண்டிப் பட்டறை:

கணக்கைப் பார்த்தபின் துணிக்கே நானும் வருகிறேன். எப்பாக்சியில் கைவேலையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக் குறிப்புகள் நம் வெயிலுக்கு எழுதப்பட்டவை அல்ல.

வெப்பநிலை 10 பாகை கூடினால் எப்பாக்சி இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 25 பாகையில் அரை மணி நேரம் வேலை செய்ய விடும் என்று டப்பாவில் எழுதியிருந்தால், நம் ஊரில் பகலில் கால் மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. கலந்த ரெசினை ஆழமான கப்பில் வைத்திருந்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிவைத்துக்கொண்டு, அதிகாலையில் வேலையைத் தொடங்குங்கள். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பழகிய கை எப்பாக்சியில் அதைச் செய்யக்கூடாது. ஹார்டனர் விகிதம் தவறினால் அது என்றைக்கும் சரியாக இறுகாது. தராசில் எடைபோட்டே கலக்க வேண்டும்.

துணியை முதலில் எடைபோடுங்கள். அதே எடைக்கு ரெசின் கலந்தால் போதும். பூசியபின் துணியின் மேல் சாய்வாக விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நெசவின் இழைகள் மேடும் பள்ளமுமாகத் தெரிந்து, துணி நிறமின்றித் தெளிந்து, மேற்பரப்பு சற்று மங்கலாக இருந்தால் அளவு சரி. பளபளவென்று ஏரி போலத் தேங்கிய இடத்தில் ரெசின் கூடிவிட்டது என்று பொருள். பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் அதை ஓரத்துக்கு வழித்துத் தள்ளிவிட்டு, டிஷ்யூ பேப்பர் சுருளை ஒருமுறை மேலே உருட்டி எடுத்தால் மிச்சமும் ஏறிவரும். வெள்ளையாகத் தெரிகிற புள்ளி காற்று புகுந்த இடம். அதைப் பிரஷ் நுனியால் குத்தி வெளியேற்ற வேண்டும். கடற்கரை ஈரத்தில் எப்பாக்சி இறுகும்போது மேலே பிசுபிசுப்பான மெழுகு போன்ற படலம் வரும். அடுத்த அடுக்குக்கு முன் அதை வெறும் தண்ணீராலும் ஸ்க்ரப்பராலும் கழுவிவிட்டுத் தேய்க்க வேண்டும். கழுவாமல் உப்புத்தாளால் தேய்த்தால் படலம் உள்ளேயே அழுந்தி, அடுக்கு பிரிந்துவரும்.

இன்னொன்று: படகு முங்காமல் இருக்க அணியத்தில் தெர்மகோல் அடைப்பீர்கள். எங்கள் பட்டறைப் பாலியெஸ்டர் ரெசின் அதில் பட்டால், ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலை உருக்கிவிடும். எப்பாக்சி உருக்காது. இரண்டரை லிட்டர் தெர்மகோல் 50 கிராமுக்கு மேல் எடை சேர்க்காது. அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பனைக்குளத்துக்காரர்:

தொண்டி அண்ணனுக்கும் காக்காவுக்கும் நன்றி. மோனோ என்றே முடிவு செய்துவிட்டேன். எரிபொருள் பற்றி ஓர் ஐயம். நைட்ரோ விழுக்காட்டைக் கூட்டினால் வேகம் கூடும் என்கிறார்கள். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் தனித்தனியாக வாங்கி நாமே கலந்துகொள்வது மலிவாக இருக்குமா?

ராமநாதபுரம் வேதியியல் ஆசிரியை:

தம்பி, அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். நான் படகு கட்டுகிறவள் அல்ல. என் மகன் கட்டுவதால் இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு உண்டு.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது மெத்தனால்தான். சுமார் 10 மி.லி. உள்ளே போனாலே கண்பார்வை போகக்கூடும். தோல் வழியாகவும் அது உடலுக்குள் ஏறும். தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் வாங்கவும் விற்கவும் உரிமம் தேவை என்பது விதி. எண்ணெயோடு கலந்து முத்திரையிட்ட எரிபொருளை, ரசீது தரும் மாடல் கடையில் ஒரு பருவத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். அதை வைத்திருப்பது பற்றி மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். குடிதண்ணீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பெயரெழுதிய மூல டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில், பிள்ளைகள் கைபடாமல் வையுங்கள். மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டும் இடத்தில் ஒரு வாளி தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரில் முழுதாகக் கரைவதால் தாராளமாக ஊற்றினால் அணைந்துவிடும்.

நைட்ரோ ஏன் வலிமை தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.5 கிலோவும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோவும் போதும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருப்பதே அதற்குக் காரணம். சிலிண்டருக்குள் புகும் காற்றின் அளவு மாறாதபோது, அதே காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்க முடிகிறது.

கீழக்கரை மரைன்:

ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நைட்ரோ கூடினால் கலவை முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். அதற்கு ஈடாக ஹெட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைத்து அமுக்கத்தைக் குறைக்காவிட்டால், கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பி அறுந்துபோகும், பிஸ்டன் முகமும் அரித்துவிடும். உங்கள் எஞ்சினுக்கு 25 விழுக்காட்டுக்குள் இருக்கும் எரிபொருளே போதும். எண்ணெய் 18 விழுக்காட்டுக்குக் குறையாமல், அதில் ஒரு பங்கு விளக்கெண்ணெயாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பனைக்குளத்துக்காரர்:

மிக்க நன்றி, டீச்சர். கலக்கும் பேச்சுக்கே இனி இடமில்லை. காக்கா, ஷாஃப்ட்டுக்கும் புரொப்பெல்லருக்கும் அளவு சொல்ல முடியுமா?

கீழக்கரை மரைன்:

40 மி.மீ. விட்டமும் 1.4 பிட்ச் விகிதமும் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், விட்டத்தைப் போல 1.4 மடங்கு) உள்ள இரண்டு இதழ்ப் புரொப்பெல்லரில் தொடங்குங்கள். ஒரு சுற்றுக்கு அது 56 மி.மீ. முன்னேற வேண்டும். நிமிடத்துக்கு 24,000 சுற்று கிடைத்தால் ஏட்டுக் கணக்கில் மணிக்கு 80 கி.மீ. வரும், 15 விழுக்காடு வழுக்கல் கழித்தால் 68 கி.மீ. அந்த வேகத்தில் படகைத் திருப்பப் பழகிய பின்னரே பெரிய புரொப்பெல்லரைப் பற்றி யோசிக்கலாம்.

எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் வளையும் ஃப்ளெக்ஸ் கேபிளைப் பொருத்தும்போது, பின்பக்கத் தாங்கியின் முனைக்கும் புரொப்பெல்லரைப் பிடிக்கும் டிரைவ் டாகுக்கும் நடுவே சுமார் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுமை ஏறும்போது முறுக்கிய கம்பிகள் இறுகிக் கேபிள் நீளத்தில் குறுகும். இடைவெளி இல்லாவிட்டால் டாக் தாங்கியில் உரசி உரசிக் கேபிளே அறுந்துவிடும். மரைன் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். அது உப்புத்தண்ணீர் குழாய் வழியே உள்ளே ஏறுவதையும் தடுக்கும்.

டியூன்டு பைப்பை முதலில் நீளமாகவே வைத்து ஓட்டுங்கள். வெளியேறும் அழுத்த அலை பைப்பின் கூம்பில் மோதித் திரும்பி, வெளியேறப் பார்க்கும் புதுக்கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ள வேண்டும். பைப் குறுகக் குறுக அந்த ஒத்திசைவு உயர்ந்த சுற்றுக்குப் போகும். ஆனால் புரொப்பெல்லர் எஞ்சினை அந்தச் சுற்றுக்கு ஏறவிடாவிட்டால் படகு கரையிலிருந்து புறப்படவே திணறும். ஒரு தடவைக்கு 3 மி.மீ. வீதம் குறைத்துப் பாருங்கள்.

வடகடல்:

கடலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பருவத்தில் ஓட்டுகிறோம் என்பது எடையைப் போலவே முக்கியம். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் அமைதியாக இருக்கும். பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் ஓட்டுவதற்கு அதுவே காலம் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் கரையோரம் அமைதியாக இருப்பதே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால்தான். எஞ்சின் நடுவில் நின்றுவிட்டால் அந்தக் காற்று இரண்டரை கிலோப் படகை நிற்காமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். வாடையில் (வடகிழக்குக் காற்று) அலை இருந்தாலும் நின்ற படகு தானே கரைக்கு வரும். ஆகவே கச்சானில் ஓட்டுவதானால் அதிகாலையில், காற்று எழும் முன், ஆள் ஏறித் தயாராக இருக்கும் ஒரு வள்ளம் தண்ணீரில் நிற்கும்போது மட்டும் ஓட்டுங்கள். நீந்திப் போய் எடுக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

நம் கடலின் அடியில் கடற்புல் படுகை அதிகம். அறுந்து மிதக்கும் இலைகள் சுக்கானில் சுற்றிக்கொள்ளும். குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே வரும் துவாரத்தையும் அடைத்துவிடும். பக்கவாட்டில் தண்ணீர் வெளியேறும் குழாயைத் தெளிவாகத் தெரியும் இடத்தில் வையுங்கள். அதில் பீச்சுவது நின்றால் உடனே கரைக்குத் திருப்ப வேண்டும். கரைவலை இழுக்கும் இடத்திலும், தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு மக்கள் இறங்கும் இடத்திலும் ஓட்டாதீர்கள். இந்தக் கரையில் ரேடியோவால் இயங்கும் எதையும் கடலில் விடுமுன் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிடுவது அவசியம். எல்லை பக்கத்தில் இருக்கும்போது அவர்கள் சந்தேகப்படுவதில் தவறில்லை.

பனைக்குளத்துக்காரர்:

கடலில் இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், முதல் ஓட்டத்தைச் சக்கரக்கோட்டை கண்மாயிலோ ஊர் ஊருணியிலோ வைத்துக்கொள்ளலாமா?

ராமநாதபுரம் வேதியியல் ஆசிரியை:

சக்கரக்கோட்டை பறவைகள் சரணாலயம். 2025-இல் ராம்சார் பட்டியலிலும் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்திருக்கிறது. நைட்ரோ எஞ்சினின் கூச்சல் அங்கே கேட்கவே கூடாது. ஊருணி குடிதண்ணீர். உங்கள் எஞ்சின் எரிக்காத எண்ணெயும் மெத்தனாலும் புகையோடு வெளிவந்து தண்ணீரில்தான் படியும். இரண்டும் வேண்டாம்.

கீழக்கரை மரைன்:

ஆசிரியை சொல்வதே சரி, கடலிலேயே ஓட்டுங்கள். அதற்கான முன்வேலையைக் கரையில் முடித்துவிடலாம். உங்கள் எஞ்சின் பித்தளைச் சிலிண்டருக்குள் அலுமினியப் பிஸ்டன் ஓடும் வகையாக இருக்கும். சிலிண்டர் மேல்நோக்கிக் குறுகுவதால், குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். அதை வலுவில் சுற்றாமல், ஹெட்டை ஹேர் டிரையரால் நன்றாகச் சூடாக்கிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் ஓடாமல் ஸ்டாண்டில் சில விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். ரிசீவரின் ஃபெயில்சேஃப் (பாதுகாப்பு அமைப்பு), தொடர்பு அறுந்தால் திராட்டிலை மூடும்படி இருக்கிறதா என்று டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உப்புத்தண்ணீருக்குள் போகாது. ஆன்டெனா நுனி மேல்தளத்துக்கு மேலே நிற்க வேண்டும்.

கடலிலிருந்து எடுத்ததும் செய்ய வேண்டியதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடித்து, எஞ்சின் தன்னிடம் மிச்சமிருப்பதை எரித்துத் தானே நிற்க விடுங்கள். பெரிய ஊசிக்குழாயால் நல்ல தண்ணீரை ஹெட்டின் குளிர்வழியில் செலுத்தி, வெளிவருவது உப்புக் கரிக்காத வரை கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் (ஓட்டத்துக்குப் பின் விடும் துருத்தடுப்பு எண்ணெய்) விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகும். கூடவே நம் உப்புக்காற்றும் சேர்ந்தால் கிராங்க் பேரிங் மறுநாளே துரு காட்டும். ஃப்ளெக்ஸ் கேபிளை உருவித் துடைத்து, புதுக் கிரீஸ் தடவி, படகுக்கு வெளியே தொங்கவிட்டு வையுங்கள்.

பனைக்குளத்துக்காரர்:

குறித்துக்கொண்டேன், காக்கா. துணியும் எப்பாக்சியும் பால்சாவும் வரவழைக்கச் சொல்லிவிட்டேன். தெர்மகோலில் அச்சு வெட்டத் தொடங்கியிருக்கிறேன். தொண்டி அண்ணன், துணி பூசும் நாளில் பட்டறைக்கு வந்து உங்கள் மேற்பார்வையில் செய்ய அனுமதிப்பீர்களா?

தொண்டிப் பட்டறை:

தாராளமாக வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வேலை கிடையாது. விடிவதற்கு முன் வந்துவிட்டால் வெயில் ஏறுமுன் இரண்டு அடுக்கையும் முடித்துவிடலாம். 0.1 கிராம் காட்டும் தராசை நீங்கள் கொண்டுவாருங்கள், எங்களிடம் இருப்பது கிலோத் தராசு.